முந்தலுக்குக் கொண்டுபோன ஓஸ்

தேனி மதுரை ரோட்டில் வண்டிகளுக்கான ரப்பர் ஓஸ், பெல்ட் விற்கும் கடையில் இவாஞ்சலின் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பானெட்டைத் திறந்து இன்ஜினை நிதானமாகப் பார்த்ததும் கிடையாது. ஆனால் ஒரு கறுப்புக் குழாய்த் துண்டை மேசையில் போட்டால் போதும், இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, இது ரேடியேட்டருக்கு, இது டீசலுக்கு, இது காற்றை உறிஞ்சுகிற வேக்குவம் பைப் என்று சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் பிளேடால் நீளவாக்கில் கீறி உள்பக்கம் பார்ப்பாள்.

அன்று சனிக்கிழமை, சந்தை நாள். கடையில் நிற்க இடமில்லை. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மதன்குமார் கூட்டத்துக்குள் கையை நீட்டினான். கொச்சியிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து, ஒரு வருடமாகச் சரி செய்துகொண்டிருப்பவன். முந்தின நாள்தான் அதன் இன்ஜினைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தான். விரல் தடிமனில் ஒரே மாதிரி இரண்டு துண்டுகள் அவன் கையில் இருந்தன. பெட்ரோலில் கழுவியதில் இரண்டும் பளிச்சென்று இருந்தன.

"ரெண்டுமே வேக்குவம்தானாம்க்கா, மெக்கானிக் சொன்னாரு. சாயங்காலம் வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டுப் போடிமெட்டு ஏறலாம்னு இருக்கேன்."

அவள் கீறிப் பார்க்கவில்லை. வேக்குவம் பைப்பில் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்தது. மேசையைத் துடைக்கும்போது மதன்குமார் விட்டுப்போன பழைய துண்டுகள் கையில் பட்டன. சும்மா ஒன்றை எடுத்துக் கீறினாள். உள்ளே சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு, ஓரத்தில் பச்சைக் கறை, கொஞ்சம் துரு. காற்று மட்டும் போகிற குழாயில் துரு ஏது? இது இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் ஓடின குழாய். ரப்பருக்குள் நூல் பின்னல்கூடத் தெரிந்தது. அவள் கொடுத்தனுப்பியதில் பின்னல் கிடையாது. கொதிக்கிற தண்ணீரின் அழுத்தம் ஏறினால் அது தாங்காது.

மதன்குமார் நம்பரைத் தேடி எடுத்தாள். போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. மறுபடி போட்டாள். அதே குரல்.

"அண்ணாச்சி, தப்பான ஓஸைக் கொடுத்துட்டேன்."

முதலாளி தங்கபாண்டி கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். "வண்டி நின்னா அவகளே வருவாக. நீ எதுக்கும்மா பதறுற?"

நின்றால் பரவாயில்லை. வளைவில் நின்றால்? சூடு தெரியாமல் மூடியைத் திறந்தால்? அவள் சரியான ஓஸில் ஒரு முழம் வெட்டி, நாலு கிளிப், ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். அண்ணாச்சி என்னவோ சொன்னார். காதில் விழவில்லை.

போடி வரை நாலு தடவை நிறுத்திப் போன் போட்டாள். மணி அடிக்கவே இல்லை. எதிரே வந்த ஒவ்வொரு லாரியின் முகத்தையும் பார்த்தாள், மேலே விபத்து ஏதும் நடந்திருந்தால் ஓட்டுகிறவன் முகத்தில் தெரியும் என்பதுபோல. வாய்க்குள் ஜெபம் ஓடியது. ஆண்டவரே, அந்தப் பிள்ளைக முகத்துல வெந்நீர் பட்டுறக் கூடாது.

மலை தொடங்கும் முந்தல் சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பு வண்டி ஓரமாக நின்றது. முன்பக்கம் ஆவி. பானெட்டைத் தூக்கிவிட்டு மதன்குமார் துணியைச் சுற்றிய கையை ரேடியேட்டர் மூடியில் வைத்திருந்தான். அவன் மனைவி மகாலட்சுமி தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் குனிந்திருந்தாள்.

"மூடியத் தொடாதீக! தம்பி, கையெடுங்க!"

சத்தத்தில் சாவடிக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார். மதன்குமார் கையை எடுத்தான். ஸ்டாண்ட் போடாமலே இவாஞ்சலின் ஸ்கூட்டியிலிருந்து இறங்க, அது சாயப் பார்த்தது. மகாலட்சுமிதான் பிடித்து நிறுத்தினாள்.

"தப்பு என்னோடது" என்றாள் இவாஞ்சலின். நடந்ததைச் சொன்னாள். மதன்குமாரின் முகம் சிவந்தது. "வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லித்தானக்கா வாங்குனேன்?" என்றான். அவள் பையைத் திறந்து சரியான ஓஸை எடுத்துக் காட்டினாள்.

இன்ஜின் ஆற முக்கால் மணி நேரம் ஆனது. அதன்பின்தான் அடுத்த பயம். உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லாம் கறுப்புக் குழாய்கள், ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. கடையில் துண்டாகப் பார்த்தவை இங்கே முழுதாக எங்கெங்கோ ஓடின. ஒவ்வொன்றாக நுனிவரை விரலால் தடவிப் போனாள். தடித்த ஒன்று பிரேக் பூஸ்டரின் வட்டமான டப்பாவில் முடிந்தது. அது வேக்குவம். இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவருக்குள் நுழைந்த இரண்டும் ஹீட்டருக்கு. அது தண்ணீர். இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டிலுக்கு அடியில் கை போனபோது புதிய ரப்பரின் வழுவழுப்பு பட்டது. நடுவில் உப்பியிருந்தது. விரல் ஈரமாக வந்தது.

"இங்கன இருக்கு, தம்பி."

அவன்தான் கழற்றினான். அவள் அளந்து வெட்டி மாட்டி, இரண்டு பக்கமும் கிளிப்பை இறுக்கினாள். தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தார்கள். அப்போதும் அவளுக்கு நிம்மதி இல்லை. இன்னொரு துண்டும் தப்பாக இருந்தால்? அதன் ஒரு நுனியை உருவச் சொல்லி, கட்டைவிரலால் குழாயின் வாயை அடைத்தாள். விரலைக் குழாய் வெடுக்கென்று உள்ளிழுத்தது. வேக்குவமேதான். அதைத் திரும்ப மாட்டினார்கள். சூட்டைக் காட்டும் மீட்டர் முள் நடுவில் வந்து நின்றது. பத்து நிமிடம் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல போக வேணாங்க" என்றாள் மகாலட்சுமி. மதன்குமார் மறுபேச்சுப் பேசாமல் வண்டியைத் திருப்பினான். தேனி வரை இவாஞ்சலின் பின்னாலேயே வந்தாள், ரோட்டில் சொட்டு விழுகிறதா என்று பார்த்தபடி.

மறுநாள் சர்ச் முடிந்ததும் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை மதன்குமாருக்குப் போன் செய்து விசாரித்தாள். மூன்றாவது தடவை மகாலட்சுமி எடுத்தாள்.

"சூடு ஏறுதாம்மா?"

"அக்கா, வண்டிய இன்னும் வெளியவே எடுக்கல. நீங்க கேக்கக் கேக்கத்தான் எங்களுக்குப் பயமா இருக்கு."

அந்தப் பக்கம் மதன்குமார் சிரிப்பது கேட்டது. இவாஞ்சலினும் சிரிக்கப் பார்த்தாள். "சரிம்மா, எடுக்கையில ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று போனை வைத்தாள்.