முழங்காலா, மணிக்கட்டா

கனடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தான். நண்பர்களோடு பனிமலையில் சறுக்கப் போகிறானாம். நான் சிவகாசியில் ஒரு மருத்துவமனையில், எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ். அதனால் என்னிடம் யோசனை கேட்டான்.

“காலுக்கு ஒண்ணா ரெண்டு கட்டை மாட்டுனா ஸ்கீ. ரெண்டு காலையும் ஒரே பலகையில பூட்டுனா ஸ்னோபோர்டு. ஸ்கீயில முழங்கால் சவ்வு கிழியுமாம். போர்டுல கையை ஊனி விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிடுவாகளாம். எது தேவலக்கா?”

“ரெண்டும் வேணாம்லே. ஓரமா நின்னு போட்டோ எடுத்துட்டு வா.”

“அம்புட்டுத் தூரம் போயி போட்டோவா? மணிக்கட்டுன்னா கட்டுப் போட்டாக் கூடிரும்ல?”

“கூடும். சவ்வு கிழிஞ்சாத்தான் இழுத்தடிக்கும்.”

“அப்ப போர்டுதான்” என்று சிரித்தான்.

அம்மா போனை வாங்கி, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய் எங்களைப் படிக்கவைத்தவள். எங்கள் இருவரையும் அந்த வாசலை மிதிக்க விட்டதில்லை. மகன் விமானம் ஏறிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்வாள்.

அவன் மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறுகிய பனியில் பலகை வழுக்கி, மல்லாக்க விழுந்து, சரிவில் உருண்டு, முதுகு ஒரு மரத்தில் மோதியது. அவன் நண்பன் அனுப்பிய ஸ்கேன் படத்தை வார்டில் நின்றே பார்த்தேன். புரிந்துவிட்டது. இருந்தும் டாக்டரிடம் காட்டினேன்.

“யாருக்கு?” என்றார்.

“தம்பிக்கு சார்.”

போனைத் திருப்பித் தந்தார்.

இப்போது ஆமத்தூரில் எங்கள் வீட்டில் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அம்மா கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள். வேலை முடிந்து வந்ததும் நான் அவனைப் புரட்டி முதுகில் புண் இருக்கிறதா என்று பார்க்கிறேன், கால்களை மடக்கி நீட்டுகிறேன். ஒரு நாள் அம்மா ஓடிவந்து, “பெருவிரல் அசைஞ்சது, நான் பாத்தேன்” என்றாள்.

“அது தானாத் துடிக்கிறதும்மா. அவன் அசைக்கல.”

“நீ நர்ஸுதான, டாக்டரா?” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று கால்களை மடக்கும்போது தம்பி சொன்னான். “விட்டுருக்கா. உனக்கும் இடுப்பு வலிக்கும்.”

“மடக்காமப் போட்டா இறுகிரும்லே.”

“இறுகட்டும்.”

நான் மடக்கிக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.