மேலே அவர் இங்கிலிசு, கீழே எங்கள் பெயர்கள்

கொட்டாஞ்சேனையில் சிறில் கோமஸ் பெட்டிசம் வாசிக்கத் தொடங்கினால் தேத்தண்ணிக் கடையில் கோப்பைச் சத்தம் நின்றுவிடும். அரசாங்கக் கந்தோர்களுக்கும் நகரசபைக்கும் அனுப்பும் மனுவைத்தான் இங்கே பெட்டிசம் என்பார்கள். லூசியா கோயிலுக்குப் போகும் தெருவில், அந்தக் கடையின் தகரப் பந்தலுக்குக் கீழே அவருடைய மேசை. எழுதி முடித்ததும் எழுந்து நிற்பார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு முழுவதையும் இங்கிலிசில் உரத்து வாசிப்பார். எழுதக் கேட்டு வந்தவளுக்குப் பாதிக்குமேல் விளங்காது. ஆனால் "மோஸ்ற் ஹம்பிளி" என்று அவர் குரல் தாழ்ந்து நடுங்கும் இடத்தில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். துடைக்காவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதுவார். கேட்டவர் அழாத பெட்டிசத்துக்குக் கந்தோரிலிருந்து பதில் வராது என்பது அவருடைய முடிவு.

எனக்கு அவர்மேல் பொறாமை. அதை ஏன் மறைக்க வேண்டும்? நான் லண்டன் சர்வகலாசாலைப் பரீட்சை எழுதிப் பி.ஏ. ஆனவன். எங்கள் ஊரின் முதல் பட்டதாரி. ரயிலால் இறங்கிய அன்று நாதசுரம் பிடித்து, மாலை போட்டு, வீடுவரை நடத்திக்கொண்டு போனார்கள். வெள்ளவத்தையில் இருக்கும் என் உறவினர் தம் வாசற் பலகையில் தம் பெயருக்குக் கீழே என் பெயரையும் பட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறார். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் இங்கிலிசு படிப்பிக்க வந்தபோது இந்தத் தெருவும் அப்படி என்னைப் பார்க்கும் என்று நினைத்தேன். தெரு பார்த்தது சிறிலை. ஏழாம் வகுப்போடு நின்ற மனிதருக்குச் சனம் ஒதுங்கி வழி விட்டது. முகத்துவாரத்தில் வலை கரைக்கு வந்தால் நல்ல நண்டு அவர் வீட்டுக்குப் போகும். எனக்கு ஒரு "குட் மோனிங்" மட்டும்.

சிறிலின் தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகன் புதுக்கடையில் ஒரு பிரக்கிராசியின், அதாவது வக்கீலின், கந்தோரில் பியோனாகச் சேர்ந்தான். மைக்கூடு நிரப்பவும் மேசை துடைக்கவும் போனவன், கிளாக்கர்மார் எழுதுவதைத் தோளுக்கு மேலால் பார்த்தான். இங்கிலிசில் சத்தம் ஒரு வழியும் எழுத்து வேறு வழியுமாகப் போவதைக் கண்டுகொண்டதும் சத்தத்தைக் கைவிட்டான். ஆட்களின் முகத்தை ஞாபகம் வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லின் முகத்தையும் மனதில் பதித்துக்கொண்டான். எந்தச் சொல்லுக்கு எந்த இடத்தில் மச்சம் என்பதுவரைக்கும் தெரியும். அப்படிச் சேர்த்த சொத்தை அவர் ஒருவருக்கும் காட்டுவதில்லை. எழுதும்போது இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொள்வார். மனைவி பிறிஜெற் தேத்தண்ணி கொண்டுவந்தாலும் அந்தக் கை விலகாது.

நானும் அந்த எழுத்துக்கூட்டலை அடி வாங்கித்தான் படித்தவன். வாயில் வராத எழுத்தைத் தாளில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டதற்குத் தலைமை வாத்தியார் தனியாக ஒரு அடி தந்தார். தமிழில் எழுத்தைக் கண்டதும் வாய் தானாகத் திறக்கும். இங்கிலிசில் எழுத்தைக் கண்டதும் கை பிரம்புக்கு நீளும். பிறகு கல்லூரிக் காலத்தில் லண்டன் சங்கம் ஒன்றின் சிறு புத்தகம் கிடைத்தது. ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்து, பேசாத எழுத்தெல்லாம் வெளியே போகட்டும் என்று அதில் இருந்தது. வாசித்தபோது என் உள்ளங்கை குளிர்ந்தது. கொட்டாஞ்சேனைக்கு வந்தபின் அதோடு இன்னொரு நினைப்பும் சேர்ந்தது: எழுத்துக்கூட்டல் இலேசானால் சிறிலின் மேசைக்கு ஆர் வருவார்?

ஞாயிறு பூசைக்குப் பிறகு பள்ளிக்கூட அறையில் வகுப்புத் தொடங்கினேன். வந்தவர்கள் கறுவாத்தோட்டத்து வெள்ளைக்கார வீடுகளில் ஆயாவாகவும் சமைக்கும் கோக்கியாகவும் வேலை செய்த பெண்கள். வாயால் இங்கிலிசு கதைப்பார்கள்; ஒரு எழுத்தும் தெரியாது. புதிய எழுத்துக்கூட்டல் அவர்களுக்கென்றே செய்ததுபோல இருந்தது. காதில் கிடந்ததை அப்படியே கையால் இறக்கினார்கள். முன்வரிசையில் மாக்ரெட். துரைப்பிள்ளைகளைத் தாலாட்டிய இங்கிலிசு அவளுடையது, என் பி.ஏ. இங்கிலிசு அதற்குப் பக்கத்தில் கஞ்சி போட்ட வேட்டிபோல விறைத்து நிற்கும். அதிலும் எனக்குப் பொறாமைதான். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய அக்கா பிறிஜெற், சிறிலின் மனைவி.

பிறிஜெற் வகுப்புக்கு வருவது சிறிலுக்குத் தெரிந்த அன்று நான் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"பீ.ஏ. தம்பி," என்றார், பேனையை வைக்காமலே. "என்ட பொஞ்சாதிக்கு என்ன படிப்பிக்கிறீர்?"

"இங்கிலிசு எழுத, மிஸ்டர் கோமஸ்."

"அது இங்கிலிசா? எழுத்தெல்லாம் மழிச்சு, மொட்டை அடிச்சு, சப்பாத்தும் இல்லாம ரோட்டில விட்டிருக்கீர். பொலிஸ்காரன் கண்டாப் பிடிச்சுக்கொண்டு போவான்."

"நீங்களும் வாருங்கோ. பின்வரிசை வாங்கில் இடம் இருக்கு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இடது கை தாளுக்கு மேலே இன்னும் கொஞ்சம் இறுகியது. எனக்கு அன்று தேத்தண்ணி இனித்தது.

அந்த நாட்களில்தான் பைப்பு விவகாரம் வந்தது. மாக்ரெட் இருந்தது முகத்துவாரத்துத் தோட்டம் ஒன்றில். தோட்டம் என்றால் மரம் செடி இல்லை, வரிசையாக அறை அறையாகக் குடிகள். தெருவை அகலமாக்க வந்த நகரசபை ஆட்கள் அவர்களுடைய ஒரே தண்ணீர்ப் பைப்பைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். திருப்பி வைக்கவில்லை. பெண்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு வாளியோடு போனார்கள். அங்கே அவர்கள் கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும், அதுவும் பேச்சுக் கேட்டுக்கொண்டு.

"உங்கட பைப்பு எங்க மாக்ரெட்? ராசா முடி சூட்டுறதப் பாக்க லண்டனுக்குப் போயிட்டுதோ?"

மாக்ரெட் வகுப்பில் வாளியைப் போட்டதுபோலப் புத்தகத்தைப் போட்டாள். "மாஸ்டர், பெட்டிசம் போடோணும். பைப்பு வராட்டி இந்தப் பொம்பிளையளின்ட வாயாலேயே நாங்க செத்துப்போவம்."

எனக்கு வேறென்ன வேண்டும்? வகுப்பே எழுதட்டும் என்றேன். மாக்ரெட் தன் கையால், புதிய எழுத்துக்கூட்டலில், தன் வாய் இங்கிலிசில் எழுதினாள். எங்கள் பைப்பை எடுத்தீர்கள், எங்கள் பிள்ளைகள் குளிக்கவில்லை, தயவுசெய்து திருப்பித் தாருங்கள். அவ்வளவுதான். வாசித்து முடித்தபோதே வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சிறிலின் தொப்பி என் கண்ணில் ஆடியது.

அடுத்த ஞாயிறு மாக்ரெட் அந்தத் தாளைத் திருப்பி என் மேசையில் வைத்தாள்.

"தோட்டத்தில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன் மாஸ்டர். வேண்டாமாம்."

"ஏன்? பிழை இருக்கோ?"

"பிழை இல்ல. எல்லாருக்கும் விளங்கிட்டுது. எங்களுக்கே விளங்கிற இங்கிலிசுக்குத் துரை பயப்பிடுவானோ எண்டு கேக்குதுகள்."

அப்படியானால் பழைய எழுத்துக்கூட்டலிலேயே, பி.ஏ. கையாலேயே எழுதித் தருகிறேன் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இலக்கணம் பிசகாத, சுருக்கமான மனு. நானும் எழுந்து நின்று வாசித்தேன். பெண்கள் மரியாதையாகக் கேட்டார்கள். பின்னால் ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

"நல்லா இருக்கு," என்றாள் மாக்ரெட். "ஆனா ஒருத்தியும் அழயில்லையே."

அவள் நேராகச் சிறிலிடம் போனாள். நானும் பின்னால் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பிறிஜெற்றும் வந்தாள்.

"அத்தான், பைப்புக்கு ஒரு பெட்டிசம்."

சிறில் தொப்பியைச் சரிசெய்தார். இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்போல மெதுவாகப் பேனையைத் துடைத்தார்.

"உனக்குத்தான் இப்ப எழுத வருமே. பீ.ஏ. தம்பியின்ட மொட்டை இங்கிலிசில எழுதிக் குடு. என்னட்ட ஏன் வாறாய்?"

"அத்தான், தண்ணி இல்ல."

"ஏலாது. நான் எழுத மாட்டன். அங்க படிச்சவங்க அங்கயே போங்க."

மாக்ரெட் என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன். அப்போது பிறிஜெற் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்திலதான். அந்தப் பைப்பிலதான் நீங்க என்னை முதல் கண்டது. மறந்துபோச்சா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து அந்தக் கையை வளைச்சு வச்சுக்கொண்டுதான் எழுதுறீங்க. நான் என்ன களவெடுக்கவா வந்தன்? ஒரு எழுத்துச் சொல்லித் தந்தீங்களா? இவர் தந்தார். எடுத்தன். அந்தக் கோவத்துக்குத் தங்கச்சியின்ட பிள்ளையளுக்குத் தண்ணி இல்லாம ஆக்கப் போறீங்களா?"

கடைக்காரன் கெண்டியைக் கவிழ்க்க மறந்து நின்றான். சிறில் முன்னால் கிடந்த தாளைத் தள்ளி வைத்தார். நல்ல தாளாக ஒன்று எடுத்தார். எழுதத் தொடங்கினார். கை வளைந்தது, ஆனால் முன்போல் இறுகவில்லை.

முடித்ததும் எழுந்தார், தொப்பியைக் கழற்றினார், வாசித்தார். அந்தப் பெட்டிசத்தில் தாகத்தால் துவண்ட கைக்குழந்தைகள் இருந்தார்கள், கண்ணீர் வடிக்கும் தாய்மார் இருந்தார்கள், மேன்மை தங்கிய சபையின் கருணைக் கடல் இருந்தது. நீளமான சொற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஊர்வலம்போல வந்தன. குரல் தாழ்ந்த இடத்தில் மாக்ரெட் அழுதாள். கடைக்காரன் அழுதான். என் கண்ணும் கலங்கியதைக் கண்டு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. இந்த மனிதர் அந்தக் குரலை எங்கே வாங்கினார்? லண்டன் சர்வகலாசாலை அதை எனக்கு ஏன் தரவில்லை?

அடுத்த நாள் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் கையொப்பத்துக்கு வந்தார்கள். பெட்டிசத்துக்குக் கீழே பெருவிரல் அடையாளம் வைப்பதுதான் வழக்கம். சிறில் மை தோய்த்த பஞ்சுப் பெட்டியைத் திறந்து நீட்டினார். மாக்ரெட் அதைத் தள்ளி வைத்தாள்.

"பேனையைத் தாங்க அத்தான்."

ஒவ்வொருத்தியாகப் பெயர் எழுதினார்கள், என் வகுப்பின் எழுத்துக்கூட்டலில், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு. வகுப்புக்கு வராதவர்களுக்கும் மாக்ரெட் பழக்கியிருந்தாள். சிறில் மேசைக்கு எதிர்ப்பக்கமிருந்து எழுத்துகளைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் ஓடியது எனக்குப் பழக்கமானது. அதைத்தான் நான் இந்தத் தெருவில் தினமும் சுமக்கிறேன். கடைசியாகப் பிறிஜெற் எழுதினாள். வழக்கமான எழுத்துக்கூட்டலைவிட ஓர் எழுத்துக் குறைவு. சிறில் பேனையை வாங்கி அதைச் சேர்க்கக் குனிந்தார்.

"தொடாதீங்க," என்றாள் பிறிஜெற். "அது என்ட பேர்."

அவர் பேனையை எடுத்துவிட்டார். மை காயும்வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பைப்பு வந்தது. வேலைகளை மேற்பார்க்கும் நகரசபை ஓவசியர் ஒருவர் பெட்டிசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்து, கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தியிடமும் பைப்பு எங்கே நின்றது என்று கேட்டாராம். பெருவிரல் அடையாளங்களை அப்படிக் கூப்பிட முடியுமா? என் எழுத்துக்கூட்டல்தான் பைப்பைக் கொண்டுவந்தது என்று நான் சொல்கிறேன். மேலே தன் இங்கிலிசு இல்லாவிட்டால் ஓவசியர் கீழேவரை வாசித்திருக்கவே மாட்டார் என்று சிறில் தெரு முழுக்கச் சொல்கிறார். தோட்டத்தில் கேட்டால், "ரெண்டு பேரும்தான்" என்கிறாள் மாக்ரெட். ஆனால் நண்டு அவர் வீட்டுக்குத்தான் போனது. பெரிய நண்டு. நான் பார்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு வகுப்புக்குள் நுழைந்தபோது பின்வரிசை வாங்கில் சிறில் கோமஸ் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில்.

"பாக்க வந்தனான் தம்பி," என்றார். "படிக்க இல்ல."

பெண்கள் எழுந்து அவருக்கு முதலில் தேத்தண்ணி கொடுத்தார்கள், எனக்குப் பிறகுதான். நான் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவருடைய பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. இடது கை வளைந்து, பக்கத்தில் இருந்த பிறிஜெற் பார்த்துவிடாதபடி தாளை மறைத்திருந்தது.