கட்டுத்துணி இல்லாத முதலுதவிப் பை

தொலைபேசியை எடுத்ததும் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. பிறகு நாய்க்காரர் வெர்னரின் குரல்.

"ஆஸ்டாவைக் காட்டுப்பண்டி குத்திப்போட்டுது. பின்தொடையிலை இருந்து ரத்தம் சீறி அடிக்குது. சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?"

ஹனோவருக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், மிருக வைத்தியர் ஒருவரின் பிராக்சிஸில், அதாவது சிகிச்சை நிலையத்தில், இருபது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்தேன். இப்போது எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சிலரும் இந்த வேலைக்கான அவுஸ்பில்டுங்குக்கு, தொழிற்பயிற்சிக்கு, வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேச்செல்லாம் ஜெர்மனில் நடந்தது. என் காதில் இப்போது எங்கள் பேச்சுத் தமிழில் எப்படிக் கேட்கிறதோ அப்படியே எழுதுகிறேன்.

நவம்பர் வந்தால் எங்கள் பக்கத்துக் காடுகளில் பெரிய வேட்டை நடக்கும். நாய்களை விட்டுக் காட்டுப்பன்றிகளைக் கலைப்பார்கள். பன்றி ஓடிவரும் வழியில் துப்பாக்கிக்காரர்கள் காத்திருப்பார்கள். ஆண் பன்றியின் வெளியே நீண்ட பல் கத்திக்குச் சமம். வேட்டை நடக்கும் சனிக்கிழமைகளில் கிழிபட்ட நாய் ஒன்றாவது எங்களிடம் வரும்.

வெர்னர் ஒரு லாரி மெக்கானிக். துப்பாக்கி தூக்காதவர். நாயோடு காட்டுக்குள் நடப்பது மட்டும்தான் அவர் வேலை. ஆஸ்டா அவருடைய பழுப்பு நிறப் பெட்டை நாய். ஊசி போட்டாலும் என் கையை நக்கும்.

வேட்டையை நடத்தியவர் அந்தக் காட்டின் சொந்தக்காரர். பெயர் வேண்டாம். முந்தின வருடங்களில் எங்கள் டொக்டர் ஹைக்கே அன்றைக்கு முழுக்க வாகனத்தோடு காட்டோரம் நிற்பார். அந்த வருடம் அது தேவையில்லை என்றுவிட்டார் காட்டுக்காரர். காலையில் ஒரு சிவப்பு முதலுதவிப் பையை வெர்னரின் தோளில் தானே மாட்டிவிட்டு, இதில் எல்லாம் இருக்கிறது, உன் பழைய பையை வாகனத்திலேயே விடு என்று சொல்லியிருக்கிறார். வெர்னரும் நம்பிவிட்டார்.

முதலில் நாயின் வாயைக் கட்டச் சொன்னேன். வலியில் சொந்தக்காரனையே கடிக்கும். பிறகு காயத்தின் மேல் கையை வைத்து அமத்தச் சொன்னேன். பையைத் திறந்து, தடித்த காயத்துணியை வைத்து, ஒட்டுப் பட்டியால் இறுக்கிச் சுற்றுங்கோ என்றேன். சிப் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளே கிளறும் சத்தம்.

"வெர்னர்?"

"இதுக்குள்ளை ஒண்டும் இல்லை. கையுறை இருக்கு. உண்ணி பிடுங்கிற இடுக்கி இருக்கு. மிச்சம் வெறும் உறை."

கழுத்துச் சால்வையை மடித்து வைத்து, இடுப்புப் பெல்ட்டால் கட்டச் சொன்னேன். கட்டினார். ஆனால் ஊறிப்போன கம்பளி வழுக்கியது. வாகனமோ சதுப்புக்கு அந்தப் பக்கம். அக்கம்பக்கத்தில் ஆளில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு எழும்பி இரண்டடி வைத்தால் திரும்பவும் ரத்தம்.

"நான் அமத்திப் பிடிக்கட்டோ, தூக்கட்டோ? எனக்கு ரெண்டு கைதானே இருக்கு."

தூக்கிக்கொண்டு வாங்கோ என்றேன். அங்கே ஒரு கட்டு இருந்திருந்தால் அதுதான் மூன்றாவது கை.

சேலைன் தொங்கவிட்டு, மேசையை ஆயத்தமாக வைத்திருந்தோம். வெர்னர் கொண்டுவந்து கிடத்தியபோது ஆஸ்டாவின் பல்முரசு கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. சால்வை முழங்காலுக்குக் கீழே நழுவிக் கிடந்தது. டொக்டர் அதன் நெஞ்சில் காதுக்குழாயை வைத்துக் கனநேரம் கேட்டார். பிறகு அதைக் கழற்றிவிட்டு வெர்னரின் கையைப் பிடித்தார்.

பின்னேரம் காட்டுக்காரர் பச்சைக் கோட்டோடு வந்தார். வெர்னரின் முதுகில் தட்டினார்.

"வேட்டை நாய் எண்டால் இப்பிடியும் நடக்கும்தானே. வேலையிலை செத்தது, நல்ல சாவு."

நான் கவுண்டரை விட்டு வெளியே வந்தேன்.

"அந்த நாய் பண்டியாலை சாகேல்லை. உங்கட பையாலை செத்தது. குடுக்க முன்னம் ஒருக்காத் திறந்து பாத்தனீங்களோ?"

பை போன சீசனில் நிறைந்துதான் இருந்தது, கோடையில் மகளின் குதிரைக்குக் கால் கட்ட வீட்டில் யாரோ எடுத்திருப்பார்கள் என்றார். ஏதோ வீட்டில் சீனி முடிந்துவிட்டது மாதிரிச் சொன்னார். என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது. காத்திருப்பு அறையில் பூனையோடு இருந்த ஒரு பெண்மணி எழும்பி வெளியே போய்விட்டார். உன்னோடு எனக்குக் கதை இல்லை, உன் வைத்தியரோடு பேசுகிறேன் என்றார் காட்டுக்காரர்.

பேசினார். திங்கட்கிழமை டொக்டர் என்னைக் கூப்பிட்டார். காட்டுக்காரரின் குதிரைகளையும் நாம்தான் பார்க்கிறோம், ஒரு சொல் மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார்.

"வேலையை விட்டு அனுப்புறதெண்டால் அனுப்புங்கோ. மன்னிப்புக் கேக்க மட்டும் ஏலாது."

சரி, போய் வேலையைப் பார் என்றார் டொக்டர். காட்டுக்காரரிடம் அவர் என்ன சொன்னாரென்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அந்தக் குதிரைகள் பிறகு எங்களிடம் வரவில்லை.

அடுத்த நவம்பரில் நாய்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து டொக்டரைக் கேட்டுக்கொண்டதால் நாங்கள் காட்டோரம் நின்றோம். வெர்னர் நாயில்லாமல் வந்தார். வேட்டை தொடங்கக் கொம்பு ஊத முன்னம் ஒவ்வொரு வாகனமாகப் போய்ப் பையைத் திறக்கச் சொன்னார். வாய்ப்பட்டி, காயத்துணி, பஞ்சு, ஒட்டுப் பட்டி, நுனி மழுங்கிய கத்தரிக்கோல், காயம் கழுவ சேலைன், உடம்புச் சூட்டைக் காக்கப் போர்த்தும் மினுங்கல் தாள். குறைந்ததை நான் நிரப்பினேன். மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கண்டால் எடுத்து எறிந்தேன். அவை நாயைக் கொன்றுவிடும். நேரம் போகிறது என்று காட்டுக்காரர் கத்தினார். ஒருவரும் நாய்க்கூட்டைத் திறக்கவில்லை. நாயில்லாமல் வேட்டை இல்லை.

எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஒரு நாய் செத்த பிறகுதான் இது நடந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவுமில்லை, ஆற வேண்டும் என்று நான் நினைக்கவுமில்லை.

பிள்ளைகளே, எல்லாம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், திறந்து காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேளுங்கள். முதல் தடவை மரியாதையாகக் கேளுங்கள். திறக்க மறுத்தால் கோபப்படுங்கள், நாய் உயிரோடு இருக்கும்போதே.