இடது கண்ணுக்கு ஒரு சோங்கு

பிள்ளைகளே, உங்களில் சின்னவன் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் கீறி வைத்திருந்த துவக்குப் படத்தைப் பார்த்தேன். மூன்று குழல், நடுவில் ஒரு டோர்ச் லைட், மேலே தூரக் கண்ணாடி, கீழே மடக்குக் கால், பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் கொழுவ ஒரு கொக்கி. ஓரத்தில், "அப்பா, இதைச் செய்யலாமா?" என்று எழுதியும் இருந்தது. அம்மா ஏசுவா என்று பயந்தாயோ என்னவோ, கொப்பியைக் கையில் தராமல் என் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

நான் ஏசவில்லை. இந்த நாட்களில் பிள்ளைகள் துவக்குக் கீறுவது எனக்குப் பிடிக்காதுதான். ஆனால் நீ கேட்டது நேர்மையான கேள்வி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். அக்காவும் வாசிக்கட்டும்.

உன் துவக்கை ஒரு ஆள் தூக்க முடியாது. தூக்கினாலும் டோர்ச் வெளிச்சம் தூரக் கண்ணாடியில் பட்டுச் சுடுகிறவனின் கண்ணே கூசும். அந்தக் கொக்கி மட்டும் நல்ல யோசனை. ஆனால் இப்படி ஆசைப்பட்ட ஆள் நீ மட்டுமல்ல. நீங்கள் மாமா என்று கூப்பிடுகிற ஏழாம் காணிக்காரரும் ஒரு காலத்தில் தனக்கென்று ஒரு துவக்கு வேண்டுமென்று ஆசைப்பட்டவர். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அக்கா அப்போது தவழ்கிற பிள்ளை. நீ பிறக்கவில்லை. உருத்திரபுரத்தில் எங்கள் வாய்க்காலில் எட்டுக் காணி. எட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு துவக்கு. பயிர் காக்க என்று கொடுத்த ஒற்றைக்குழல் துவக்கு அது. லைசன்ஸ் என் பெயரில் இருந்தது. சட்டப்படி நான் மட்டும்தான் அதைத் தொடலாம். ஆனால் காட்டுப்பன்றி சட்டம் பார்த்து வருவதில்லை. அதனால் எட்டு வீட்டிலிருந்தும் முறை வைத்து ஒவ்வொருவராகப் பரணில் காவல் இருந்தோம். பிறகு எல்லாத் துவக்குகளையும் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னபோது அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அதனால்தான் நீங்கள் அதைக் கண்டதில்லை.

காவலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. துவக்கோடு இருக்கிறவர் முறைக்கு ஒரு நாள் இருந்தால் போதும். துவக்குப் பிடிக்கத் தெரியாதவர் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிப் பன்றி கலைக்க வேண்டும். அவர் முறைக்கு இரண்டு நாள் இருக்க வேண்டும். எட்டுப் பேரில் ஏழு பேர் துவக்கு. மாமா ஒருவர்தான் தகரம்.

மாமா மலைநாட்டுத் தோட்டமொன்றில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். வெட்டும்போது ஒரு மிலாறுக் குச்சி தெறித்து வலது கண் போய்விட்டது. பிறகு எழுபத்தேழுக் கலவரத்தில் அடிக்க வந்த தடியைத் தடுக்கக் கையை உயர்த்தியதில் இடது கை விரல்கள் முறிந்தன. இன்றைக்கும் அவை மடங்காது. அந்தக் கையோடுதான் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். ஏழாம் காணியைக் குத்தகைக்கு எடுத்து, எங்களைவிடச் சுத்தமாக வரம்பு கட்டினார். ஆனால் துவக்கை வலது தோளில் வைத்தால் வலது கண்ணால் பார்க்க வேண்டும், அவருக்கு அந்தக் கண் இல்லை. இடது தோளில் வைத்தால் இடது கை விசையை இழுக்க வேண்டும், அந்த விரல் மடங்காது. ஆகவே தகரம். போகப்போக ஆட்கள் அவரையே "தகரம்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

ஒரு பின்னேரம் பரணுக்குக் கீழே நாலைந்து பேர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். துவக்கைப் பற்றித்தான் கதை.

"எனக்கு ஐஞ்சு குழல் வேணும்," என்றார் முதலாம் காணிக்காரர். எங்கள் வாய்க்காலில் வாய் கூடின ஆள் அவர். "விசிறி மாதிரி விரிஞ்சு நிக்க வேணும். பண்டி எந்தப் பக்கம் ஓடினாலும் ஒண்டு போய்ப் பிடிக்கும்."

"ஐஞ்சும் ஒண்டா வெடிச்சால் நீர் எங்கை போய் விழுவீர்?" என்று மூன்றாம் காணிக்காரர் கேட்டார்.

"பின்னாலை வைக்கல் குவிச்சு வைப்பன். உமக்கு என்ன வேணும், அதைச் சொல்லும்."

"சைக்கிள் பாரிலை பூட்டிற மாதிரி ஒண்டு. பெல் அடிச்சால் வெடிக்க வேணும்."

"நல்லது. சந்தையிலை மனிசி குறுக்கை வரேக்கை மறந்துபோய்ப் பெல்லை அடியும்."

என்னைக் கேட்டார்கள். மழையில் நனைந்தாலும் கறள் பிடியாத துவக்கு என்றேன். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் மாமா மெல்லச் சொன்னார்:

"எனக்கு வளஞ்ச துவக்கு ஒன்னு வேணும்ணே."

"வளைஞ்ச துவக்கோ? மரத்துக்குப் பின்னாலை நிக்கிற பண்டியைச் சுடவோ?" என்றார் முதலாம் காணிக்காரர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

"கொழல் இல்லீங்க. தோள்ல வைக்கிற கட்ட மட்டும் வளஞ்சா போதும்." அவர் ஒரு கோணல் தடியை எடுத்து வலது தோளில் வைத்தார். தடி அவர் கன்னத்தைச் சுற்றி வளைந்து இடது கண்ணுக்கு நேராக வந்து நின்றது. "இப்புடி."

எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. துவக்கின் பின்பக்கத்து மரக்கட்டையைச் சோங்கு என்போம். சோங்கு வளைந்தால் குழல் இடது கண்ணுக்கு வரும். அதில் பிழையொன்றும் இல்லை.

அடுத்த நாள் காலை மாமா வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்றபடியே கதைத்தார்.

"அண்ணே, நேத்து மக பள்ளிக்கூடத்துல இருந்து அழுதுகிட்டு வந்துச்சு. 'தகரத்தின்ர மகள்'னு கூப்பிடுறாங்களாம். என்னையச் சொன்னா பரவால்ல. அது படிக்கிற புள்ள. எல்லாரையும் மாதிரி நானும் மொறைக்குத் துவக்கோட ஒக்காந்துட்டேன்னா அந்தப் பேரு போயிரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. எட்டுப் பேரின் துவக்கை ஒருவருக்காக வளைத்தால் மற்ற ஏழு பேர் என்ன செய்வது? உங்கள் அம்மா குசினிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தா.

"இஞ்சாருங்கோ, மூக்குக்கண்ணாடிக்கு ஆளாளுக்கு அளவு பாக்கிறாங்கள். துவக்குக்கு மட்டும் ஏன் பாக்கக்கூடாது?" என்றா.

துவக்கைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மாமாவையும் ஏற்றிக்கொண்டு, முரசுமோட்டையில் வண்டிச் சில்லுச் செய்கிற தச்சரிடம் போனேன். அவர் துவக்கை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செய்யலாம். ஆனா இந்தக் கட்டையைப் பூட்டினால் மற்ற ஏழு பேரும் பக்கத்து வரம்பைத்தான் சுடுவினம்," என்றார். பிறகு சோங்கைக் குழலோடு பிடித்திருக்கும் நீளத் திருகாணியைக் காட்டினார். "முழுக்க இந்த ஒரு ஆணியிலைதான் நிக்குது. ரெண்டு கட்டை வைச்சிருங்கோ. அவற்ரை முறை வரேக்கை மாத்துங்கோ. மாட்டுக்கு நுகம் மாத்திற மாதிரித்தான்."

அவருடைய முற்றத்திலேயே மாமாவை நிறுத்தி அளவெடுத்தோம். தோளிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து கண் என்று கயிறு பிடித்து முடிச்சுப் போட்டோம். இரண்டு கிழமையில் முதிரை மரத்தில் சோங்கு வந்தது. பார்த்தால் மாட்டுக்கொம்பு மாதிரி, ஆனால் அழகாக இருந்தது. எல்லோரும் பார்க்க மாமா பரணில் ஏறி உட்கார்ந்து துவக்கைத் தோளில் வைத்தார். குழல் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

"சரி, இனி மூக்காலை மணந்து பாத்துச் சுடும்," என்றார் முதலாம் காணிக்காரர்.

பிழை எங்களுடையது. நிற்கவைத்து அளவெடுத்துவிட்டோம். பரணில் யாரும் நின்று வெடி வைப்பதில்லை. சம்மணமிட்டு இருந்து, முதுகை வளைத்து, கீழே பார்த்துச் சுட வேண்டும். அப்படி இருக்கும்போது கழுத்து வேறு மாதிரி, தோள் வேறு மாதிரி. அந்தப் பரணில் வருடக் கணக்காக ஏறியிறங்கிய எனக்கு இது தோன்றாமல் போனதை நினைத்து வெட்கப்பட்டேன். போதாததற்கு முதிரைப் பாரம் மாமாவின் மடங்காத கையில் நிற்கவும் இல்லை.

அடுத்த நாள் மாமா வேலியில் நின்ற முள்முருக்கில் ஒரு கிளையை வெட்டினார். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கவ்வாத்துக் கத்தி அவரிடம் இருந்தது. பரணில் சம்மணமிட்டு இருந்தபடியே அந்த மெத்தென்ற மரத்தைச் சீவினார். தோளில் வைத்துப் பார்ப்பார், இறக்குவார், ஒரு சீவல் சீவுவார், திரும்ப வைப்பார். மூன்று பின்னேரம் இப்படியே போயிற்று. சீவல் கீழே நின்ற என் தலையில் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் அதைத் தச்சரிடம் கொடுத்து, இதே மாதிரி வேம்பில் செய்யச் சொன்னோம். தச்சர் அந்த மாதிரிக்கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவர் ஏன் என்னட்டை வந்தவர்?" என்று என்னைக் கேட்டார்.

வேப்பஞ் சோங்கு சரியாகப் பொருந்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், எட்டுக் காணிக்காரரும் பார்க்க, சின்னச் சின்னக் குண்டு நிறைந்த ஒரே ஒரு தோட்டா கொடுத்தோம். முதலாம் காணிக்காரர் குறும்புக்கு மாமா தட்டுகிற தகரத்தையே கொண்டுபோய் வரம்பில் வைத்தார். மாமா பரணிலிருந்து நெடுநேரம் பார்த்தார். வெடித்தது. தகரம் உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் சல்லடை.

"இனித் தகரமும் இல்லை, வேறை வழியில்லை. துவக்கு முறையைக் குடுங்கோ," என்றார் முதலாம் காணிக்காரர். அந்த ஓட்டைத் தகரத்தை மாமாவின் மகள் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய், ஒவ்வொரு பிள்ளையையும் ஓட்டை வழியே பார்க்க வைத்ததாம்.

மாமாவின் முதல் இரண்டு முறையிலும் பன்றி வரவில்லை. மூன்றாவது முறை, விடியப்புறம், மூடுபனி. நான் பல் துலக்கிக்கொண்டு நிற்க, வயல் பக்கத்தில் மாமா சத்தம் போடுவது கேட்டது. "ஏய், போ, போ" என்று. வெடிச் சத்தத்தை எதிர்பார்த்து நின்றேன். அது வரவில்லை. நான் ஓடிப்போனபோது மாமா துவக்கை மடியில் வைத்துக்கொண்டு பரணில் இருந்தார்.

"கன்னுக்குட்டி அண்ணே. கறுப்புக் கன்னு. ஒங்க வயல்ல நின்னுச்சு. வெரட்டிட்டேன்."

"கண்டுக்குட்டியோ? வடிவாப் பாத்தனீரோ?"

அவர் சோங்கைத் தடவினார். "குறி நல்லா விழுந்துச்சுண்ணே. கட்ட சரியாத்தான் இருக்கு. ஆனா அது எம்புட்டுத் தூரத்துல நிக்கிதுன்னு எனக்குப் புடிபடல. கிட்ட நிக்கிற பன்னியா, தள்ளி நிக்கிற கன்னான்னு ஒத்தக் கண்ணுக்குத் தெரியல. மூனாங் காணியில கறுப்புக் கன்னு ஒன்னு இருக்குல்ல. அதுக்குப் பின்னால புள்ளைங்களும் வருமே. அதான் சத்தம் போட்டேன்."

சின்னவனே, உன் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது இந்த இடத்தில்தான். தகரம் நின்ற இடம் அவருக்குத் தெரியும், அதனால் சுட்டார். பனிக்குள் நின்றது என்னவென்று தெரியவில்லை, அதனால் சுடவில்லை. சோங்கு செய்யலாம். அது சரியாகவும் வரும். அதை வைத்துக்கொண்டு விசையை இழுக்காமல் இருப்பதை எந்தத் தச்சரும் செய்து தர முடியாது. அன்றைக்கு மாமா அதைச் செய்தார்.

ஆனால் மற்றவர்கள் அப்படி எடுக்கவில்லை. சத்தம் கேட்டு முதலாம் காணிக்காரரும் மூன்றாம் காணிக்காரரும் வந்தார்கள்.

"என்ரை கண்டு கட்டின கட்டையிலை நிக்குது. இப்பதான் பாத்திட்டு வாறன்," என்றார் மூன்றாம் காணிக்காரர்.

"வேறை கண்டா இருக்கும்," என்றேன்.

"வேறை கண்டோ பண்டியோ எண்டு சேத்திலை காலடியைப் பாத்தால் தெரியும்தானே. தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாப்பம்," என்றார் முதலாம் காணிக்காரர். அவர் குரலில் வழக்கமான பகிடி இல்லை. "பண்டி அடியெண்டால் இனி இவருக்குத் துவக்கு முறை இல்லை. கோவிக்கக் கூடாது. காலுக்குள்ளை வந்த பண்டியை விட்டால் நாளைக்கு என்ரை வயலும் போகும்."

"பாருங்க," என்றார் மாமா. "பன்னின்னா நானே வேற தகரம் எடுத்துக்கிறேன்." துவக்கை என் கையில் தந்துவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்த வேண்டும்.

அவர்கள் எல்லோரும் போனபிறகு நான் வயலுக்குள் இறங்கினேன். உரம் போடுவதற்காகத் தண்ணீர் வடிய விட்டிருந்த வயல், சேறு அப்பம் மாதிரி மெத்தென்று இருந்தது. அடி தெளிவாகப் பதிந்திருந்தது. முன்னால் இரண்டு குளம்பு, பின்னால் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னப் பொட்டு. பன்றி. பரணுக்குப் பதினைந்து எட்டு வைக்கிற தூரத்தில் வந்து நின்று, சத்தத்துக்குத் திரும்பிக் காட்டுப் பக்கம் பாய்ந்திருந்தது. ஒரு பயிரைக்கூடக் கிளறவில்லை.

பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்குச் சொல்கிற அப்பா நான். அதை நினைத்துத்தான் இதுவரை யாருக்கும் சொல்லாததை எழுதுகிறேன். துவக்கைப் பரணில் சாய்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்து, என் வயலின் வாய்க்கால் மடையை வெட்டிவிட்டேன். இன்னும் இரண்டு நாள் காய வேண்டிய வயல் அது. தண்ணீர் மெல்ல மெல்ல வந்து ஒவ்வொரு அடியாக நிரப்பியது. ஓரங்கள் கரைந்து, வயல் முழுதும் ஒரே மட்டமாகும் வரைக்கும் வரம்பில் நின்றேன்.