பித்தளை லிவர்

துப்பாக்கியை மடக்கவே தெரியாத ஒருவன் துப்பாக்கிக்கு லிவர் மாற்றப் போனான். அந்த ஒருவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் சொன்னால், அதற்குள் என்மேல் வைத்துவிட்ட மரியாதையைத் திரும்ப எடுத்துக்கொள்ள உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். காற்றழுத்தத்தில் ஈயக் குண்டு தள்ளுகிற விளையாட்டுத் துப்பாக்கி. என் மனைவியுடையது. அவள் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் ரைஃபிள் கிளப்புக்குப் போய், பத்து மீட்டர் தள்ளி மாட்டியிருக்கும் அட்டையில் கறுப்பு வட்டத்தின் நடுவே சுடுவாள். தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். துப்பாக்கிக்கு அவளே ஒரு நீளத் துணிப்பை தைத்திருந்தாள். அதைப் பார்த்த வீட்டுக்கார மாமி, "தம்புராவா? எந்த சபால கச்சேரி?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார். "ஒத்திகைதான் மாமி" என்றேன். அதன்பிறகு திருத்த மனசு வரவில்லை.

பை தூக்குவது என் வேலை. அவள் முன்னால் நடப்பாள், நான் பையோடு பின்னால். கிளப்பில் யாராவது "சார் சுட மாட்டாரா?" என்று கேட்டால், "நமக்கு இந்த வன்முறையெல்லாம் ஒத்துக்காது" என்பேன். உண்மை வேறு. அந்தத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும் குழலைப் பிடித்து நடுவில் மடக்கி, ஸ்பிரிங்கை ஏற்றி, மறுபடி நிமிர்த்த வேண்டும். அவள் குடை மடக்குவது மாதிரி செய்வாள். அவள் இல்லாத ஒரு மத்தியானம் நானும் முயன்றேன். பாதி வரை வந்த குழல் மனசு மாறித் திரும்பிப் போய் என் தாடையில் ஒன்று வைத்தது. வீங்கிய தாடைக்குக் கடைவாய்ப் பல் வலி என்று பெயர் சூட்டி மூன்று நாள் ரசம் சாதம் சாப்பிட்டேன்.

அந்த வருஷம் மாநில அணிக்கான தேர்வு வந்தது. ஞாயிறு காலை ஒரே ஒரு சுற்று. தேறினால் அணியில் இடம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம். முந்தின வருஷம் மயிரிழையில் அவளுக்குப் போயிருந்தது. பரீட்சைத் தாளெல்லாம் திருத்தி முடித்துவிட்டு, கையில் துப்பாக்கியை ஏந்தி சுவரைப் பார்த்தபடி அரைமணி நேரம் அசையாமல் நிற்பாள். ஒருநாள் அப்படி நின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "இந்த சேஃப்டி லிவர் தம்மாத்தூண்டு இருக்கு. வேர்வையில கட்டைவிரல் வழுக்குது" என்றாள். விசை தவறி இழுபடாமல் பூட்டி வைக்கிற சின்னத் தகடு அது. சும்மா சொன்னாள். நான்தான் அதை விண்ணப்பமாக எடுத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அவளுக்குப் பள்ளியில் ஆண்டு விழா. எண்ணெய் போட்டு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு தி. நகரில் ஒரு சந்துக்குள் இருந்த லேத் பட்டறைக்குப் போனேன். முன்பு என் ஸ்கூட்டருக்கு கிக்கர் கடைந்து கொடுத்தவர் அந்தப் பட்டறைக்காரர்.

பையைத் திறந்ததும் இரண்டடி பின்வாங்கினார். "இன்னா நைனா இது? போலீஸு கீலீஸுன்னு இழுத்து வுட்றாத."

"விளையாட்டுத் துப்பாக்கி. இந்த லிவரைக் கொஞ்சம் பெரிசா, நல்லா பித்தளையில பண்ணித் தரணும்."

மத்தியானத்துக்குள் பண்ணிவிட்டார். பளபளவென்று, கட்டைவிரல் உட்கார ஒரு குழியோடு. போட்டுப் பார்த்தேன், டிக். எடுத்தேன், டிக். கேட்கவே நன்றாக இருந்தது.

"டிக்குன்றது கீது, உள்ள கொக்கி புடிக்குதான்னு தெரியாது," என்றார் அவர். "ஏத்தி, லிவரைப் போட்டு, விசைய இழுத்துப் பாரு. அது வெடிக்கக்கூடாது. என் எதிர்லயே பாத்துரு."

பட்டறையில் ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அந்தக் குழல் இன்னொரு முறை என் தாடையைத் தேடி வருவதை நினைத்துப் பார்த்தேன். "வீட்டுல போய் பாத்துக்கறேன்" என்றேன்.

"பழசு?"

"உங்க ஸ்கிராப் டப்பாவுலயே போடுங்க. அது எதுக்கு?"

வீட்டுக்கு வந்து செய்த ஒரே காரியம், புது வண்டிக்கு வைப்பது மாதிரி லிவருக்கு ஒரு சந்தனப் பொட்டும் மேலே குங்குமமும் வைத்தது.

சாயங்காலம் அவள் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்றுதான் காத்திருந்தேன். லிவரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நாளைக்குத் தேர்வை வெச்சுக்கிட்டு இன்னிக்கு ஏன் இதைத் தொட்டீங்க?"

"வழுக்குதுன்னு சொன்னியே."

"ஏத்திப் பாத்தீங்களா?"

"பத்து தடவை," என்றேன். டிக் டிக் என்று தள்ளிப் பார்த்ததைச் சேர்த்தால் பத்துக்கு மேலேயே வரும் என்று உள்ளுக்குள் ஒரு வக்கீல் எனக்காக வாதாடினான்.

அவள் குழலில் கை வைத்தாள். மடக்கப் போகிறாள் என்று புரிந்தது. "விளக்கு வெச்ச நேரத்துல டப்புன்னு சத்தம் கேட்டா மாமி என்ன நினைப்பா? தம்புரா வெடிச்சுதுன்னா?" என்று சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள். கையை எடுத்துவிட்டாள். என் வாழ்க்கையில் நான் அடித்த ஜோக்குகளில் பலித்தது அது ஒன்றுதான்.

காலையில் கிளப்பில் சுடுவதற்கு முன் துப்பாக்கிகளைச் சோதிக்கும் மேசையில் வரிசை நின்றது. சோதனை அதிகாரி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவள் துப்பாக்கியை வாங்கினார், குங்குமத்தைப் பார்த்தார், கைக்குட்டையால் துடைத்தார். குண்டு இல்லாமல் மடக்கி ஏற்றினார். லிவரைப் போட்டார். டிக். குழலை மணல் மூட்டைப் பக்கம் திருப்பி விசையை இழுத்தார்.

டப்.

இன்னொரு முறை ஏற்றினார். டிக். டப்.

"இது பூட்டில்லைம்மா, அலங்காரம்," என்றார். "நீங்க பூட்டியிருக்குன்னு நினைச்சுத் திரும்புவீங்க, பக்கத்துல ஒருத்தர் கண்ணு போயிடும். படிவத்துல டீச்சர்னு போட்டிருக்கீங்க. யார் பண்ண வேலை இது?"

நான் அவளுக்கு மூன்றடி பின்னால் நின்றிருந்தேன், தோளில் வெறும் பையோடு. என் வலது பக்கம் அறிவிப்புப் பலகை. அதில் கழிவறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு காகிதம். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"நான்தான் சார் மாத்தினேன்," என்றாள் அவள்.

"பழைய லிவர் இருக்கா? பத்தரைக்குள்ள மாட்டிக் கொண்டு வந்தா விடறேன்."

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். பழையது தி. நகரில், ஞாயிற்றுக்கிழமை பூட்டிய பட்டறைக்குள், ஏதோ ஒரு டப்பாவில் கிடந்தது. இல்லையென்று தலையை ஆட்டினேன். அதிகாரி பட்டியலில் அவள் பெயர்மேல் கோடு போட்டார். அடுத்தவர் முன்னால் வந்தார்.

ஸ்கூட்டரில் வரும்போது அடையாறு பாலத்தின்மேல் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "பத்து தடவை?"

"லிவரை," என்றேன்.

வாசலில் மாமி, "அதுக்குள்ள முடிஞ்சுடுத்தா? கச்சேரி எப்படி இருந்துது?" என்றார். அவள் மாமியைப் பார்த்து முறையாகச் சிரித்துவிட்டு மாடியேறிப் போனாள். "நடக்கலை மாமி," என்றேன். என் ஜோக் மூட்டை அன்றைக்குக் காலி.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசி, வழக்கம்போல் சிரிக்க வைத்து, கணக்கை முடித்திருப்பேன். சாம்பார் ஊற்றினாள், தாள் திருத்தினாள், மின்சாரக் கட்டண அட்டை எங்கே என்று கேட்டாள். புதன்கிழமை பள்ளி விட்டதும் அவளே பட்டறைக்குப் போயிருக்கிறாள். அது எனக்கு வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போனபோது, லேத்காரர் வாயால் தெரிந்தது.

"உன் வூட்டம்மா வந்தாங்க நைனா. டப்பாவக் கொட்டி பழச அவங்களே பொறுக்கி எடுத்தாங்க. மாட்டி முடிச்சதும் ஒத்தக் கையில மடக்கி, மூணு தபா டெஸ்ட்டு பண்ணிட்டுத்தான் நவுந்தாங்க. நீ இங்க ஏத்திப் பாத்தியான்னும் கேட்டாங்க. சொல்லிட்டேன். தப்பா?"

"இல்லை," என்றேன்.

மறு ஞாயிறு காலை அவள் கிளப்புக்குக் கிளம்பினாள். தேர்வு முடிந்துபோனாலும் பயிற்சி நிற்கவில்லை. நான் வழக்கம்போல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, படியருகே நின்று, ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். எனக்கு அதை மடக்கவே தெரியாது என்று சொன்னேன். தாடையில் அடி வாங்கியதைச் சொன்னேன். அதில் எப்படியோ சிரிப்பு கலந்துவிடுவதை நிறுத்த முடியவில்லை. கடைசியாக, சிரிக்காமல், "அன்னிக்கு அந்த மேசைகிட்ட நான்தான்னு சொல்லியிருக்கணும்," என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பையைக் கீழ வைங்க. துப்பாக்கியை எடுத்து மடக்குங்க, நான் பாக்கறேன்."