லிஸ்டில் இருந்த மூன்று பேர்

பட்டர்வொர்த்காரர்களிடம் ஏழு கோல் வாங்கித் தோற்ற அன்றைக்குத்தான் எங்கள் கிளப் மேனேஜரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று எல்லார் முகமும் ஒரே மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்த லட்சணத்தில் நாங்கள் நாற்பது ஐம்பது பேர், ஆட்டம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் திடலோரத்து அங்சானா மரத்தடியில் நின்று, லெஃப்ட் பேக்கை ஏன் மாற்றவில்லை என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம்.

கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் ஏழரை மணிக்கும் வெயில் இருந்தது. கத்துவதற்கு வேண்டிய வெளிச்சம் கிடைத்தது. வேறு எதைப் பற்றியும் நாங்கள் கத்த முடியாது. அரிசி ஏன் இல்லை என்று கேட்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் எங்கே போனான் என்று கேட்க முடியாது. பந்தைப் பற்றி மட்டும் யாரும் யாரையும் திட்டலாம். நாங்கள் திட்டினோம். வாரம் முழுக்க அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து ஒரு மனிதன் தலையில் கொட்டினோம்.

அந்த மனிதர், எங்கள் மேனேஜர், ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலை பார்த்தவர். காயத்துக்கு மருந்து போடுவது, ஊசி போடுவது அவர் வேலை. ஊரில் எல்லாருக்கும் அவர் டிரெஸ்ஸர் அண்ணன். சண்டைக்கு முன்னால் எங்கள் கிளப்புக்கு ஒரு கப் வாங்கித் தந்தவர் அவர்தான். அந்தக் கப், முதல் குண்டு விழுந்த அன்றே கிளப் அறையோடு சேர்ந்து போய்விட்டது. அவருக்காகப் பரிந்து பேசியவர்கள் அந்தக் கப்பை ஞாபகப்படுத்தினார்கள். "அந்தக் காலத்துக் கப்ப வச்சி இந்தக் காலத்துல கோல் போட முடியுமா லா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

எங்கள் குறை ஒன்றுதான். ஆடத் தெரியாத மூன்று பேரை அவர் டீமில் வைத்திருந்தார். லெஃப்ட் பேக் ஆடியவர் ஒரு சலவைக்காரர். நாற்பது வயது, நான்கு பெண் குழந்தைகள். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். இரண்டாவது ஆள் ஒரு தையல்காரர், எப்போதும் இருமல். மூன்றாவது ஆள் ரிக்‌ஷா இழுத்தவர். ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது, பந்தைத் தாண்டி ஓடிவிடுவார். நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் வெளியே நிற்க, இவர்களுக்கு ஏன் இடம் என்பதுதான் எங்கள் கேள்வி. வேண்டியவர்கள் என்றார்கள் சிலர். கிழங்கு கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்றும் ஒரு புரளி கிளம்பியது. அந்தப் புரளியை யார் கிளப்பியது என்று எனக்குத் தெரியும். நான்தான்.

லிஸ்ட் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டம் நடத்த ஜப்பான் ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்கு இருபத்திரண்டு பேர் கொண்ட லிஸ்ட் ஒன்று கொடுக்க வேண்டும். லிஸ்டில் உள்ளவர்களுக்கு முத்திரை குத்திய வெள்ளைத் துணிப்பட்டை ஒன்று கிடைக்கும். அதைச் சட்டையில் தைத்துக்கொள்ளலாம். அதனால் மாதம் ஒரு சுண்டு அரிசி கூடக் கிடைக்கும் என்பதுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. அந்தப் பட்டை வைத்திருந்தவனைச் சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடிப்பதில்லை என்பது டிரெஸ்ஸர் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். பிடித்த ஆட்களுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவருவார்கள். வரிசையில் நின்ற ஒருவனுடைய பட்டையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போ என்று ஓர் அதிகாரி கையைக் காட்டியதை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அந்த அதிகாரிக்குப் பந்தாட்டம் என்றால் பைத்தியம்.

தோட்டங்களில் ஆள் பிடித்து முடித்துவிட்டு அப்போதுதான் டவுனுக்குள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஆபீசில் வேலை உள்ளவனை விட்டுவிடுவார்கள். வேலை இல்லாதவன்தான் முதலில் லோரி ஏறுவான். துணி வெளுக்கக் கொடுக்க ஆளில்லாத சலவைக்காரர், துணியே இல்லாத ஊரில் தையல்காரர், சவாரி இல்லாத ரிக்‌ஷாக்காரர். டிரெஸ்ஸர் அண்ணன் அந்த மூன்று பேரையும் பொறுக்கி எடுத்து லிஸ்டில் வைத்தது அதனால்தான். லிஸ்டில் இருப்பவன் திடலிலும் தெரிய வேண்டும் என்று அவர்களை ஆடவும் வைத்தார். அதிகாரி ஆட்டம் பார்க்க வருகிறவர் அல்லவா.

இதையெல்லாம் அவர் வெளியே சொல்லியிருக்கலாம் என்று தோன்றும். சொல்ல முடியாது. மரத்தடியில் நின்ற ஐம்பது பேரில் யார் யாரிடம் போய்ச் சொல்லுவான் என்று யாருக்கும் தெரியாது.

கடைசியில் பொதுக்கூட்டம் போட்டோம். ஊரே பற்றி எரிந்தாலும் நாங்கள் கிராணிகள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், முறைப்படிதான் செய்வோம். ஒரு பள்ளிக்கூடத்தின் சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு, தீர்மானம், வழிமொழிதல், கைதூக்கல் எல்லாம் ஒழுங்காக நடத்தினோம். நான் கிளப் செக்கரட்டரி, அதனால் மினிட்ஸ் எழுதினேன். எந்தக் கூட்டமானாலும் ஜப்பான் ஆபீசிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்து உட்காருவார். அன்றைக்கும் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் பதவிக்கு நாங்கள் நிறுத்தியது எங்கள் பெரிய கிராணியை. யாழ்ப்பாணத்தவர், அப்பழுக்கில்லாத மனிதர். ஒரு பென்சிலைக்கூட ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. "கிளப் எண்டா ஒரு ஒழுங்கு வேணும்" என்று அவர் சொன்னதும் எல்லாரும் கைதட்டினோம். ஒழுங்கு என்ற சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

டிரெஸ்ஸர் அண்ணனுக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தோம். எழுந்தார். கடைசிப் பெஞ்சை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரு வேணும்னாலும் மேனேஜரா இருங்க. பதினோரு பேரு நீங்க சொல்ற ஆளே ஆடட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆபீசுல இருக்கிற லிஸ்ட மட்டும் மாத்தாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். வறட்டுக் கௌரவம் என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். கை தூக்கச் சொன்னோம். சலவைக்காரரும் கூட்டத்தில் இருந்தார். அவரும் கை தூக்கினார். தன்னால்தான் கிளப் தோற்கிறது என்று அவருக்கு வெட்கம். டிரெஸ்ஸர் அண்ணன் விசிலைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். ஏகமனதாக நிறைவேறியது என்று நான் எழுதினேன்.

மறுநாள் காலையில் பெரிய கிராணி ஒரு தாளோடு வந்தார். புதிய லிஸ்ட். மூன்று பேர் நீக்கம், மூன்று பேர் சேர்க்கை. வெறும் லிஸ்ட் கொடுத்தால் போதும், யாரும் காரணம் கேட்கவில்லை. ஆனால் அவர் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர். அரசாங்கத்திடம் ஒரு தகவல் இருந்தால் அது சரியான தகவலாக இருக்க வேண்டும் என்பார். ஆகவே ஒரு கடிதமும் எழுதியிருந்தார். கீழ்க்கண்டவர்கள் இனி எங்கள் ஆட்டக்காரர்கள் அல்லர், அவர்களிடமுள்ள பட்டைகளைத் திரும்பப் பெற்று இத்துடன் அனுப்புகிறோம் என்று. பெயர், வயது, தொழில், வீட்டு விலாசம், ஒன்றுவிடாமல். தொழில் என்ற இடத்தில் மூன்று பேருக்கும் 'தற்போது இல்லை' என்று எழுதியிருந்தார். அது உண்மைதான்.

உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள்தான் எழுதுவார்கள். டைப் அடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த மூன்று பெயருக்கு எதிரே 'தற்போது இல்லை', 'தற்போது இல்லை' என்று அடிக்கும்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. யாரும் சொல்லவில்லை. மூன்று வரி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. முந்தின நாள் டிரெஸ்ஸர் அண்ணன் ஏன் என்னைப் பார்த்தார் என்பதும் விளங்கியது. கையை எடுத்துவிட்டேன்.

பிறகு அடுத்த தாளைப் பார்த்தேன். சேர்க்கப்பட்ட மூன்று பேரில் இரண்டு பேர் வெளியே நின்ற அந்த நல்ல ஆட்டக்காரர்கள். மூன்றாவது பெயர் என்னுடையது. செக்கரட்டரி லிஸ்டில் இருப்பதுதான் முறை என்று பெரிய கிராணி சேர்த்திருக்கிறார். நான் வேலை பார்த்த கிடங்கு குண்டில் எரிந்துபோய், நானும் அப்போது 'தற்போது இல்லை'தான். எனக்கு வயது இருபத்தாறு. லோரி ஏறுவதற்கு மிகவும் பொருத்தமான வயது.

அடித்தேன். இரண்டு தாளையும் பிழையில்லாமல் அடித்து, கார்பன் நகலைக் கோப்பில் வைத்துவிட்டு, நானே நடந்துபோய் ஆபீசில் கொடுத்தேன். வாசலில் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் போட்டேன். பயந்துதான் அப்படிச் செய்தேன், வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

பத்து நாள் கழித்து லோரி வந்தது. விலாசம் கையில் இருந்ததால் அவர்கள் எங்கும் தேடவில்லை. ரிக்‌ஷாக்காரர் மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்து, மலையைச் சுற்றிப் பாலிக் புலாவ் பக்கம் ஓடி, டுரியான் தோட்டத்துக்குள் சண்டை முடியும்வரை கிடந்தார். சலவைக்காரரும் தையல்காரரும் பெரிப் படகில் பட்டர்வொர்த் போய் ரயில் ஏறினார்கள். ஏறியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பெரிய கிராணி என் வீட்டுக்கு வந்து கடித நகலைக் கேட்டார். வாசலில் நின்றபடியே படித்தார். மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் திடல் பக்கம் வரவில்லை. டிரெஸ்ஸர் அண்ணனை ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் பிடித்து, முன்னாடியே என்னிடமாவது சொல்லியிருக்கலாமே அண்ணே என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், வெட்கங்கெட்டவன். அவர் என் சட்டையில் இருந்த பட்டையைப் பார்த்தார்.

"தம்பி, ஒனக்கு எப்பத் தெரிஞ்சிச்சு?" என்றார்.

பதிலுக்கு அவர் நிற்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சலவைக்காரரின் மனைவி வந்தார். கையில் அவர் ஆடிய பனியன், சோப்பு இல்லாமல் சாம்பலில் துவைத்து, நன்றாகத் தேய்த்து மடித்திருந்தது. கிளப் சாமான், கொடுத்துவிட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம். பனியனை என்னிடம் கொடுத்துவிட்டும் அந்த அம்மா போகவில்லை. கடைசிப் பெண் இடுப்பில் இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, நீங்கதான் லெட்டர் அடிப்பீங்களாமே. அவரு இன்னும் லிஸ்டுலதான் இருக்காரு, தெரியாம பேரு விட்டுப்போச்சுன்னு ஒரு லெட்டர் அடிச்சிக் குடுங்க தம்பி. இன்னும் சயாமு போய்ச் சேந்திருக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. கூப்ட்டா வந்திடுவாரு."

அடித்திருக்கலாம். அந்த அதிகாரிக்கு இருந்த பந்துப் பைத்தியத்துக்கு, ஒருவேளை தந்தி அடித்து ஓர் ஆளை இறக்கிக்கூட விட்டிருப்பார். நடந்திருக்காது என்றும் சொல்லலாம். ஆனால் பெயர் விட்டுப்போனது என்று எழுதினால், அவர் இடத்தில் வந்தது யார் பெயர் என்று யாராவது லிஸ்டை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தபோது நான் அதைத்தான் நினைத்தேன்.

"ரிப்பன் தேஞ்சு போச்சிக்கா" என்றேன். "புது ரிப்பன் எங்கயும் கெடைக்கல."

மேசை மேல் இருந்த டைப்ரைட்டரை அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். அதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். சரி தம்பி, கிடைத்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். சலவைக்காரர் திரும்பி வரவில்லை. தையல்காரரும் வரவில்லை.

அந்த வாரமே அதே ரிப்பனில், அடுத்த ஆட்டத்துக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதம் அடித்தேன். எழுத்து நன்றாகக் கறுப்பாக விழுந்தது. அந்த ஆட்டத்தில் நாங்கள் பட்டர்வொர்த்காரர்களை மூன்று கோலில் ஜெயித்தோம். அங்சானா மரத்தடியில் எல்லாரும் சந்தோஷமாகக் கத்தினார்கள், மேனேஜரை மாற்றியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று.