நான் விற்ற குரல்

தயாளனின் குரலை விற்றவள் நான்தான்.

இதைப் பொலிசுக்கு நான் சொல்லவில்லை. அவனைப் பெற்றவளுக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்... ஏனென்றால் நீங்கள் என் முகத்தை அறியமாட்டீர்கள். தெருவில் கண்டாலும் என்னைக் கடந்து போய்விடுவீர்கள். கோழைத்தனம்தான்! ஒப்புக்கொள்கிறேன்.

என் ஊர் புத்தூர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு அரச நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில், வடகரையில் உள்ள ஒரு மீன்பிடி ஊரில் ரியூசன் வகுப்பு எடுத்தேன். அங்கே பூமணி அன்ரியின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அன்ரி கணவரை இழந்தவர். மூத்தவள் மதுரா கலியாணம் முடித்துப் பிரான்சுக்குப் போய்விட்டாள். இளையவன் தயாளன் கடற்றொழில் செய்தான். வீட்டில் அவனும் தாயும் நானும்தான்.

முகநூலில் ஒரு விளம்பரம் கண்டேன். யாழ்ப்பாணத் தமிழ் பேசுவோரின் குரல் தேவை, கணினிக்கு உங்கள் மொழியைக் கற்பிக்கும் பணி, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றிருந்தது. போனில் ஒரு செயலியை இறக்கிக்கொள்ளவேண்டும். அதில் வரும் வசனங்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பினால் காசு தருவார்கள். அவ்வளவுதான். என்னோடு எழுத்தில் மட்டும் தொடர்புகொண்டவருக்கு ஒரு சிரித்த பெண்ணின் படம் இருந்தது. அது யாருடைய முகமோ!

முதலில் என் குரலைத்தான் கொடுத்தேன். பிறகு, இளம் ஆண் குரல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். தயாளனைக் கூப்பிட்டேன். கணீரென்ற குரல் அவனுக்கு. என் அறையின் சன்னல்களைச் சாத்தி, காற்றாடியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசிப்பான்.

தொடக்கத்தில் வெங்காயம், மழை, பஸ் என்று சாதாரண வசனங்கள்தான் வந்தன. மெல்ல மெல்ல அவை மாறின.

'அம்மா, நான்தான் கதைக்கிறன்.'

'அம்மா, அழாதேங்கோ.'

'போனை வைச்சிடாதேங்கோ.'

'ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.'

தயாளன் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "என்னக்கா உது? செத்த வீட்டிலை நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன்.

எனக்கு விளங்கவில்லையா? விளங்கியது! வங்கியிலிருந்து போனுக்கு வரும் இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லாதீர்கள், பதற்றப்படுத்துகிறவனை நம்பாதீர்கள் என்று என் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். தாயிடம் அழாதே என்று சொல்லும் வசனம் கணினிக்கு எதற்கு? ஒருவருக்கும் சொல்லாதே என்ற வசனத்தால் எந்த மொழி வளரும்? கேள்வி வந்தது... வந்த கையோடு அதை மூடிவைத்தேன்.

கடைசியாக ஒரு பணி வந்தது. 'உங்கள் குடும்பத்தில் வேறு எவருக்கும் தெரியாத ஒரு சம்பவத்தை இயல்பாகச் சொல்லவும்.' அதற்குக் கூடுதலாகக் காசு கொடுப்பதாக எழுதியிருந்தார்கள்.

தயாளன் சற்று யோசித்துவிட்டுச் சொன்னான். சிறுவயதில் தகப்பனின் மணிக்கூட்டை எடுத்துக் கையில் கட்டி விளையாடும்போது அது கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. தகப்பன் கோபக்காரர். அன்ரிதான் அதைச் சந்தையில் தொலைத்துவிட்டதாகச் சொல்லி ஏச்சை வாங்கிக்கொண்டார். தகப்பன் சாகும்வரை உண்மை தெரியாது. "அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கும்" என்றான். சொல்லும்போது, கிணறு என்ற இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்து தடுக்கியது.

அனுப்பினேன். சில நாட்களில் அந்தச் சிரித்த முகம் இல்லாமற் போயிற்று. செயலியும் திறக்கவில்லை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாரியில் தயாளன் கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. வேறு ஊர்த் தொழிலாளர்கள் அதை ஆளில்லாமல் மிதக்கக் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். வலை வள்ளத்துக்குள்ளேயே நனையாமற் கிடந்தது.

தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. மதுரா பிரான்சிலிருந்து முகநூலில் தம்பியின் படத்தைப் போட்டு, காணவில்லை என்று எழுதி, கண்டவர்கள் தாயைத் தொடர்புகொள்ளவும் என்று அன்ரியின் இலக்கத்தையும் போட்டாள். அதைப் பார்த்து எத்தனையோ பேர் கண்ணீர் விட்டிருப்பார்கள். வேறொருவனும் பார்த்திருக்கிறான்...

ஒரு மத்தியானம். வெயில் முற்றத்தில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. நான் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அடுக்களையில் ஒரு சத்தம். மனிதச் சத்தம் போலவே இல்லை! ஓடினேன். அன்ரி நிலத்தில் குந்தியிருந்தார். போனை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

"பிள்ளை... தயா போன் எடுத்தவன்!"

"ஆர் அன்ரி?"

"என்ரை தயா! இந்தியாக் கரையிலை ஒதுங்கினவனாம். பிடிச்சு வைச்சிருக்கிறாங்களாம். வேறை பேர்தான் குடுத்திருக்கிறானாம். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் என் அறையில் நடந்த பதிவுகளை நான் நினைக்கவில்லை. எவனோ ஏமாற்றுக்காரன், பிள்ளையை இழந்த தாயின் காதுக்கு எந்த இளைஞனின் குரலும் மகனாகத்தானே கேட்கும் என்று எண்ணினேன். அதனால், படித்தவள் என்ற மிதப்போடு, நல்ல ஆலோசனை ஒன்றும் சொன்னேன்.

"அன்ரி, அவன் திரும்பவும் எடுத்தால் அவனுக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்டைக் கேளுங்கோ. சரியாச் சொன்னால்தான் நம்பவேணும்."

மறுநாளும் அதே நேரம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"அம்மா, நான்தான் கதைக்கிறன்."

தயாளனேதான்! அவன் 'அம்மா' என்பதன் கடைசியைச் சற்று இழுப்பான். அந்த இழுவைகூட இருந்தது. ஆனால் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஆட்சத்தம் இல்லை, காற்றில்லை. மூச்சு வாங்கும் ஓசையும் இல்லை. சாத்திய அறைக்குள் காற்றாடியை நிறுத்திவிட்டுப் பேசுவது போல...

அன்ரி கேட்டார்: "தம்பி, அப்பாவின்ரை மணிக்கூடு எங்கையடா?"



"கிணத்துக்கை, அம்மா. நீங்கள்தான் சந்தையிலை துலைச்சதெண்டு சொல்லி அப்பாட்டை ஏச்சு வாங்கினீங்கள்."

கிணறு என்ற இடத்தில் ஒரு சிரிப்பு வந்து தடுக்கியது. நான் கேட்ட சிரிப்பு. நான் பதிந்து அனுப்பிய அதே சிரிப்பு!

அன்ரி போனை முத்தமிட்டார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் தோள் நனைந்தது. நான் மரம்போல நின்றேன். சொல்லியிருக்கவேண்டிய நேரம் அது. வாயைத் திறந்தேன்... திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு நடந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். தன்னை வெளியே எடுக்கச் சட்டத்தரணி பிடிக்கவேண்டும் என்றது குரல். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. போனுக்கு வந்த இலக்கத்தை வாசிக்கச் சொன்னது. அன்ரி எழுத்துக்கூட்டி வாசித்தார். மதுரா அனுப்பிச் சேர்ந்திருந்த காசெல்லாம் வங்கியிலிருந்து போய்விட்டது. பிறகு, மகன் இல்லாமல் திரும்பி வந்த அந்த வள்ளத்தையும் விற்றார். வாங்கியவன் அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது அன்ரியின் முகத்தில் துயரமே இல்லை. "அவன் வந்து புதுசு வாங்கட்டும்" என்றார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் பாதி உண்மையைச் சொன்னேன்.

"அன்ரி, இப்ப கணினியாலை ஒருத்தரின்ரை குரலை அப்பிடியே செய்யலாம். அது தயா இல்லை. பொலிசுக்குப் போவம்."

அவர் மீன் செதில் ஒட்டிய கையோடு நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. அமைதியாகக் கேட்டார்.

"அப்ப மணிக்கூட்டுக் கதையைக் கணினிக்கு ஆர் பிள்ளை சொன்னது?"



அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். என் பதிலில் அவருடைய மகன் இரண்டாம் முறை செத்துப்போவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தேன். பொய்! பயம்தான். அவர் என்னைப் பார்க்கப்போகும் பார்வைக்குப் பயம்!

நீங்கள் கேட்கலாம், பொலிசுக்காவது நீ தனியாகப் போயிருக்கலாமே என்று. போனேன். பஸ்சில் ஏறி நிலைய வாசல்வரை போனேன். உள்ளே போனால் என் போனைக் கேட்பார்கள், பதிவுகளைக் கேட்பார்கள், என் நியமனம் என்னவாகும்... எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ்சில் திரும்பினேன்.

இனிக் காசு எடுக்க அங்கே ஒன்றுமில்லை. குரல் ஓய்ந்துவிடும் என்று நம்பினேன். ஓயவில்லை. இப்போது அது வேறொன்றைக் கேட்டது.

"அம்மா, உங்கடை குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கவேணும் போலை கிடக்கு. நிறையக் கதைச்சு அனுப்புங்கோ."

அன்ரிக்குப் பதிந்து அனுப்பத் தெரியாது. தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டு, என் அறைக்கு வந்து கதிரையில் அமர்ந்தார். முன்பு அவன் அமர்ந்த அதே கதிரை. "காற்றாடியை நிப்பாட்டு பிள்ளை, அவனுக்கு வடிவாக் கேக்கவேணும்" என்றார்.

அது எதற்கென்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு குரலைச் செய்ய எவ்வளவு பேச்சு வேண்டும் என்று தெரிந்தவள் நான்! மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். என் விரல் பொத்தானை அழுத்தியது. அன்ரி பேசினார்... பின்வளவு முருங்கை பூத்ததை, மழை பிந்தியதை, அவன் சட்டைகளைத் தோய்த்து மடித்து வைத்திருப்பதை. நான் அனுப்பினேன். முதல்முறை தெரியாமற் செய்தேன் என்று வாதாடலாம். இரண்டாம் முறைக்கு என்ன சொல்வேன்?

சில வாரங்களின் பின் ஒரு காலை, மதுரா பிரான்சிலிருந்து என் போனுக்கு எடுத்தாள்.

"அக்கா, அம்மாவுக்கு என்ன நடந்தது? இப்பதான் எனக்கு எடுத்து அழுதவ. புது நம்பர். தயா உயிரோடை இருக்கிறானாம், அவனைக் கூட்டிவர என்ரை பாஸ்போட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுறா."

சன்னலால் பார்த்தேன். பூமணி அன்ரி முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் கட்டையில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு காகத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா இஞ்சை முத்தத்திலை நிக்கிறா, மதுரா. அவ ஒருத்தருக்கும் எடுக்கேல்லை."

அவள் குரல் மிக மெலிந்து வந்தது.

"அப்ப... என்னோடை இவ்வளவு நேரமும் கதைச்சது ஆர்?"

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அழுகிற குரல் எவருடையதாக இருந்தாலும் முதலில் போனை வையுங்கள். உங்களுக்கு முன்பே தெரிந்த இலக்கத்துக்கு நீங்களாகத் திருப்பி எடுங்கள். படமோ இலக்கமோ அனுப்பாதீர்கள். மணிக்கூட்டுக் கதை போன்ற பழைய கதைகளை நம்பிப் பரீட்சை வைக்காதீர்கள். அவற்றை எவள் எந்த அறையில் பதிந்து விற்றாளோ, உங்களுக்குத் தெரியாது. இத்தனையும் சொன்னேன். விற்றவள் யார் என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லவில்லை.

மதுரா தாயின் பழைய இலக்கத்துக்கு எடுத்தாள். கட்டையில் கிடந்த போன் அடித்தது. அன்ரி கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தார்.

"ஓம் பிள்ளை, சொல்லு..."

கேட்டுக்கொண்டிருந்தவரின் முகம் மாறியது. போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே சற்று நேரம் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் உண்மையா அம்மா தானோ எண்டு கேக்கிறாள். ஏன் பிள்ளை இவள் இப்பிடிக் கேக்கிறாள்?"

"லைன் சரியில்லைப் போலை, அன்ரி" என்றேன்.